அடைத்து வைத்த மாவில் வண்டு எங்கிருந்து வருகிறது?

கோபிப் பெண் (கோபிசெட்டிபாளையம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் இருந்த அரவை மில்லை மூடிவிட்டதால், இப்போது மாவு அரைக்க ஏழு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஆகையால் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை, பதினைந்து கிலோ கோதுமை, ஐந்து கிலோ ராகி, மூன்று கிலோ கம்பு என்று ஒரே நடையாகக் கொண்டுபோய் அரைத்து வந்துவிடுகிறோம். கோயமுத்தூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மகளுக்கும் அதிலிருந்தே இரண்டு கிலோ கோதுமை மாவு கொடுத்து அனுப்புவேன்.

சென்ற புரட்டாசிக் கடைசியில் அரைத்து வந்த மாவை, கழுவிக் காயவைத்த எவர்சில்வர் டப்பாக்களில் கொட்டி, மேலே நான்கு கொத்து வேப்பிலையும் ஐந்தாறு வரமிளகாயும் வைத்து இறுக மூடினேன். ஏறத்தாழ ஐந்து வாரம் கழிந்து, கார்த்திகை பிறந்தவுடன் அடுத்த டப்பாவைத் திறந்தபோது, கோதுமை மாவின் மேற்பரப்பில் சிவப்பு வண்டுகள் கோடு போட்டதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. ராகி மாவில் வண்டு இல்லை. ஆனால் மாவு நூல் கட்டி, கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கம்பு மாவில் பூச்சி எதுவும் இல்லாதபோதும், அது பத்து நாளிலேயே வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்து போயிருந்தது. இதில் எனக்கு வியப்பாக இருப்பது என்னவென்றால், நெகிழிப் பைக்குள் மாவைக் கட்டி அலமாரியில் வைத்திருந்த மகளும் அதே வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, தன் மாவிலும் வண்டு வந்துவிட்டதாகச் சொன்னாள்.

நான் வசம்பு வைக்கவில்லை என்பதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் என் மாமியார். இறுக மூடிய டப்பாவுக்குள் வண்டு எந்த வழியாக நுழைகிறது, வேப்பிலை ஏன் கைகொடுக்கவில்லை, சலித்துவிட்டால் அந்த மாவைப் பயன்படுத்தலாமா, கம்பு கசந்ததும் பூச்சியால்தானா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அரவைக்காரன் (பவானி) எழுதியது:

அம்மணி, இருபத்திரண்டு வருடங்களாக மில் நடத்திவருகிறவன் என்ற முறையில், எங்கள் தொழிலின் குறையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கல் போட்ட மாவு எந்திரம் எதுவாக இருந்தாலும், தானியம் கொட்டும் தகரத் தொட்டியின் மூலைகளிலும், கல்லைச் சுற்றியிருக்கும் கூட்டுக்குள்ளும், மாவு இறங்கும் வாயில் கட்டியிருக்கும் துணிப்பையின் தையலிலும் முந்தைய அரவையின் மாவு சிறிதளவு தங்கியே தீரும். மில் ஓடாத இரவில் அந்த மாவுதான் வண்டுக்கு வீடு. நீங்கள் உங்கள் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும், எந்திரத்தின் துணிப்பையைக் கழுவாத மில்லில் அரைத்தால், முட்டையோடுதான் மாவு உங்கள் வீட்டுக்கு வரும்.

ஆகவே, கூச்சப்படாமல் மில்காரரிடம் கேட்டு, துணிப்பையைக் கழற்றி வெளியே நன்றாக உதறச் சொல்லுங்கள். உங்கள் கோதுமையில் ஒரு படியை முதலில் ஓட்டி, அந்த மாவைத் தனிப் பையில் வாங்கி, அன்றைக்கும் மறுநாளைக்கும் சப்பாத்திக்கு வைத்துக்கொண்டு, அதன் பிறகு விழும் மாவை மட்டும் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் வேறொருவர் ராகி அரைத்திருந்தால், மாவின் நிறம் வெளுக்கும் வரைக்கும் பழைய மாவு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை வைத்தே எந்திரத்தில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதைக் கண்ணால் அளந்துவிடலாம்.

இன்னொரு பிழையை வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். சனிக்கிழமை கோதுமையைக் கழுவி, ஐப்பசி மாதத்து மூடாக்கு வெயிலில் அரை நாள் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லுக்குக் கொண்டுவருகிறார்கள். கோதுமையைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'கடுக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படிப்பட்ட கோதுமை கல்லின் சூட்டில் அரைபட்டு, ஆவியோடு வெளியே வருகிறது. அந்தச் சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடிவிட்டால், சாயங்காலம் மூடியின் உட்புறத்தில் வேர்வை முத்துப் போல நீர் கோத்திருக்கும். வீட்டுக்குப் போனவுடன் வெள்ளை வேட்டியில் மாவைப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, உள்ளங்கையை மாவுக்குள் நுழைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

கிடங்குக்காரி (கோவை) எழுதியது:

சகோதரி, நான் வேளாண்மைப் பட்டப்படிப்பில் பூச்சியியலைச் சிறப்பாகப் படித்து, பல ஆண்டுகள் தானியக் கிடங்குகளில் பணி செய்தவள். தங்கள் கேள்விக்கான விடை தங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரே நாளில் அரைத்த மாவு, கோபியில் எவர்சில்வர் டப்பாவிலும் கோவையில் நெகிழிப் பையிலுமாக, இரு வேறு வீடுகளில் இருந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே வாரத்தில் வண்டு தோன்றியிருக்கிறது. வெளியிலிருந்து நுழைந்த வண்டாக இருந்தால், இரண்டு ஊரிலும் நாள் பார்த்து நுழைந்திருக்க முடியாது. மாவோடு முட்டையாக வந்து, அதன் வளர்ச்சிக்கு வேண்டிய காலம் முடிந்தவுடன் இரண்டு இடத்திலும் ஒருசேர வண்டாக வெளிப்பட்டிருக்கிறது.

கோதுமை மாவில் தாங்கள் கண்டது செம்மாவு வண்டு. மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த வண்டு, முழுத் தானியத்தைக் கடித்துத் துளைக்க வல்லது அன்று. நொய், குருணை, தவிடு, மாவு ஆகியவையே அதன் உணவு. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300 முதல் 500 முட்டைகள் வரை இடும். அந்த முட்டையின் மேல் ஒருவகைப் பசை இருப்பதால், இட்டவுடன் மாவு அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எனவே கண்ணுக்கு அது மாவுத் துகளாகவே தெரியும். நம் ஊரின் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியசை ஒட்டிய நிலையில், முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவர நான்கு முதல் ஐந்து வாரம் ஆகும். தாங்கள் டப்பாவைத் திறந்த நாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கணக்கு ஒத்துவருகிறது. வளர்ந்த வண்டு ஓராண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது என்பதால், டப்பாவின் இடுக்கில் தப்பிய நான்கைந்து வண்டுகளே அடுத்த முறைக்கும் போதுமானவை.

ராகி மாவில் நூல் கட்டியது வேறு பூச்சி. அது அந்துப்பூச்சியின் புழு தன் உடலிலிருந்து நூலை விட்டு, மாவையும் ரவையையும் சேர்த்துப் பின்னிக்கொள்ளும் கூடு. சாம்பல் பழுப்பு நிறத்தில் சிறிய பூச்சி ஒன்று மாலை நேரத்தில் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே இதன் தாய். இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை மட்டும், அது வீட்டுக்குள்ளேயே பறந்து திரிந்து மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் முட்டை இட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இனி, முட்டையை எப்படி அழிப்பது என்பதற்கு வருகிறேன். வீட்டு அளவில் எனக்குத் தெரிந்த மிக உறுதியான வழி குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறைதான். ஆறிய மாவை ஒவ்வொரு கிலோவாகத் தடித்த நெகிழிப் பைகளில் இட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாக அழுத்திக் கட்டி, −18 டிகிரியில் ஒரு வாரம் வைத்துவிட்டால், முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்ற நான்கு நிலைகளும் இறந்துவிடும். மூன்று நான்கு நாட்கள் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மாவு குளிரை எளிதில் உள்ளே விடாத பொருள் என்பதாலும், பழைய குளிர்பதனப் பெட்டிகள் −18 டிகிரியைத் தொடாமல் போகலாம் என்பதாலும், ஒரு வாரத்துக்குக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்துவிடக் கூடாது; திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த மாவின்மேல் நீராகப் படிந்து கட்டி பிடிக்கும். கட்டிய பையாகவே அரை நாள் வெளியில் வைத்திருந்தால், ஈரமெல்லாம் பையின் வெளிப்புறத்தில் படியும். துடைத்துவிட்டுப் பிறகு திறந்து டப்பாவில் கொட்டலாம்.

உறைபனி அறை அல்லாமல் சாதாரணக் குளிர் அறையில் வைப்பதும் பயன் இல்லாததன்று. 20 டிகிரிக்குக் கீழே இந்த வண்டு வளர்வதில்லை. ஆனால் சில நாட்கள் குளிரில் வைத்து வெளியே எடுத்தால், உயிரோடு இருக்கும் முட்டைகள் விட்ட இடத்திலிருந்து மீண்டும் வளரத் தொடங்கிவிடும். வெயிலைப் பற்றியும் ஒரு சொல்: மாவை வெயிலில் காயவைத்தால் வண்டுகள் ஓடிவிடும், உள்ளே இருக்கும் முட்டை ஓடாது. வெயில் வைத்தியத்தைத் தானியத்துக்குச் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில், கறுப்பு நெகிழித் தாளின்மேல் கோதுமையை மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற நெகிழித் தாளைப் போர்த்தி ஓரங்களில் கல் வைத்துவிட்டால், உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும். மணிகளுக்குள் இருக்கும் கூன்வண்டின் முட்டையும் அதில் தப்பாது.

சலித்த மாவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு மூக்குதான் விடை சொல்ல வேண்டும். வண்டு பெருகிவிட்டால் அதன் உடலிலிருந்து குயினோன் வகையைச் சேர்ந்த ஓர் எரிச்சலூட்டும் பொருள் சுரந்து மாவில் கலக்கிறது. மாவு லேசாகச் சிவந்து, மருந்துக் கடை வாசனை அடிப்பதும் அதனால்தான். அந்த வாசனை வந்துவிட்ட மாவைச் சலித்தும் வறுத்தும் மீட்க முடியாது, கொட்டிவிடுங்கள். ஓரிரு வண்டுகள் மட்டும் தென்பட்டு, மணம் மாறாமல் இருந்தால், சலித்து அன்றே சமைத்துவிடலாம். அதைத் திரும்பவும் டப்பாவில் கொட்டி வைப்பது வீண் வேலை, ஏனென்றால் முட்டைகள் வீட்டுச் சல்லடையின் கண்களில் மாவோடு மாவாக இறங்கிவிடும்.

கம்பின் கசப்புக்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை. கம்பில் கொழுப்பு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு உள்ளது. அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் அதே மணியில், தனித்தனி அறையில் இருப்பதுபோல, பிரிந்து இருக்கிறது. அரைத்தவுடன் இரண்டும் கலந்துவிடுவதால், ஒரு வாரம் பத்து நாளில் மாவு சிக்குப் பிடித்துக் கசக்கத் தொடங்குகிறது. எவ்வளவு நல்ல டப்பாவும் இதைத் தடுக்காது. கம்பை மணியாக வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டு மிக்சியில் பொடித்துக்கொள்வதே சரி.

அமராவதிக்கரை (தாராபுரம்) எழுதியது:

எனக்கு வயது எழுபத்து மூன்று. பேத்தி தட்டச்சு செய்ய, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், பழைய முறைகளால் பயன் இல்லை என்பதுபோல யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் தொம்பை (தானியக் குதிர்) நிறையச் சோளமும், மொடாக்களில் ராகியும் கம்பும், செம்மண் பூசிக் காயவைத்த துவரையும் இருந்தன. ஆனால் மாவு என்று ஒன்றைச் சேமித்து வைத்ததாக எனக்கு நினைவே இல்லை. களிக்கு வேண்டிய ராகியை அதிகாலையில் திருகையில் அரைப்போம். அன்றைக்கே களி கிண்டிவிடுவோம். கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தித் தவிடு போக்கி, மறுபடியும் இடித்துச் சோறாக்கினோம். அதுவும் அன்றைக்கு அன்றைக்குத்தான். நொச்சித் தழையைத் தொம்பையின் அடியில் பரப்பியதும், வசம்பைத் தட்டிப் பானையில் போட்டதும், துவரைக்கு மண் கட்டியதும் தானியத்துக்கும் பருப்புக்கும் செய்த காவலே தவிர, மாவுக்குச் செய்தது அல்ல. கோபிப் பெண்ணின் மாமியார் வசம்பைச் சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். அவர் மேல் குற்றம் இல்லை. அவர் காலத்தில் மருந்துக்கு ஏற்ற நோய் இருந்தது, இப்போது நோய் மாறிவிட்டது.

பலகார மாவு மட்டும் அதற்கு விலக்கு. மாரியம்மன் நோன்புக்கும் தீபாவளிக்கும் அரிசி மாவை இடித்தால், அகன்ற இரும்புச் சட்டியில், கோலம் போட்டால் கையிலிருந்து இழை விடும் பதத்துக்கு வறுத்து, ஆறவைத்து, சம்படத்தில் போட்டு வைப்போம். அந்த மாவு ஒரு மாதம் தாண்டியும் வண்டு இல்லாமல் இருந்தது. ரவையையும் அப்படியே வறுத்து வைப்பதுண்டு. வறுத்த மாவு எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வறுத்த கோதுமை மாவில் சப்பாத்தி தேய்த்தால் அது விரியாது, விண்டுபோகும்.

சோளக்குழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போது இருப்பவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் வாசலில் மேடான இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, உட்புறம் வைக்கோல் புரி வைத்து, சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லாலும் மண்ணாலும் பூசிவிடுவார்கள். திறக்கும்போது ஆளை உடனே இறக்க மாட்டார்கள். வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்து, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவான். விளக்கு அணைந்தால், மறுநாள்தான். அந்தக் குழிச் சோளத்துக்கு ஒரு நெடி இருக்கும். ஆனால் உயிரோடு ஒரு வண்டைப் பார்த்ததில்லை.

கிடங்குக்காரி (கோவை) எழுதியது:

அம்மா, தங்கள் சோளக்குழிதான் இந்தக் கேள்விக்கான மிகச் சிறந்த பாடம். மூடிய குழிக்குள் தானியமும் பூச்சியும் சேர்ந்து மூச்சுவிடுவதால் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து கரியமில வாயு பெருகுகிறது. உயிர்வளி மூன்று விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூச்சிகள் பிழைப்பதில்லை. விளக்கை அணைத்ததும் வண்டைக் கொன்றதும் ஒரே காற்றுதான். விளக்கு இல்லாமல் இறங்கியிருந்தால் ஆளையும் அதுவே கொன்றிருக்கும்.

கோபிச் சகோதரியின் டப்பாவில் அது ஏன் நடக்கவில்லை என்றால், பாதி டப்பா காற்றாகவே இருந்திருக்கும்; அன்றாடம் திறந்து மாவு எடுக்கும் டப்பாவில் புதுக் காற்று நாள்தோறும் புகுந்துகொண்டே இருக்கும். பத்துக் கிலோவை ஒரே டப்பாவில் கொட்டுவதைவிட, இரண்டு கிலோ டப்பாக்கள் ஐந்தில், தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்பி, ஒன்று தீர்ந்த பிறகே மற்றொன்றைத் திறப்பது எவ்வளவோ மேல். ரப்பர் வளையம் உள்ள மூடியாக இருக்க வேண்டும். வெறும் எவர்சில்வர் மூடி நமக்கு இறுக்கமாகத் தோன்றினாலும், அந்துப்பூச்சியின் இளம்புழுவுக்கு அந்த இடைவெளி ஒரு வாசல்.

வேப்பிலையைப் பற்றி: நொச்சியும் வேம்பும் வசம்பும் பூச்சியை விரட்டும் தன்மை உள்ளவை என்பது உண்மை. விரட்டினால் ஓடிப்போக இடம் இருக்கும் தொம்பையில் அதற்குப் பயன் உண்டு. மூடிய டப்பாவில், மாவின் நடுவில் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் மேலே கிடக்கும் இலையால் எதுவும் ஆவதில்லை. அதோடு, தாங்கள் வைத்தது பச்சை வேப்பிலையாக இருந்தால், அது வாடும்போது விடும் ஈரம் முழுவதையும் மாவுதான் குடித்திருக்கும்.

பல்லடத்துக்காரன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையில் ஒன்றைத் துணியில் முடிந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால், அலமாரியில் ஒரு பூச்சி மிஞ்சாது. எங்கள் வீட்டில் சோளத்துக்கு அப்படித்தான் வைக்கிறோம்.

கிடங்குக்காரி (கோவை) எழுதியது:

ஐயா, தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். தங்கள் வீட்டில் இருப்பதையும் உடனே நிறுத்துங்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடும். அந்த வாயுவுக்கு முறிவு மருந்து கிடையாது. மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில் உறங்கியவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், உயிரிழந்திருக்கிறார்கள். அரசுக் கிடங்குகளிலும், பயிற்சி பெற்று அனுமதி வாங்கிய பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களின் மேற்பார்வையிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள் என்று நம் நாட்டில் சட்டமே வரையறுத்திருக்கிறது. நாங்கள் கிடங்கில் பயன்படுத்தும்போது, வாயு புகாத விரிப்பால் அடுக்கை மூடி, ஓரமெல்லாம் மணல் பாம்புகள் எனப்படும் மணல் நிரப்பிய நீண்ட பைகளை அடுக்கி, நாள் கணக்கில் ஆள் நுழையாமல் காவல் வைப்போம். மீதமுள்ள மாத்திரையைக் குப்பையிலோ கழிவுநீரிலோ போடாமல், ஊரின் வேளாண்மை அலுவலரிடம் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அலமாரியில் பாச்சை உருண்டை வைப்பதும் கூடாது. அது உண்ணும் பொருளுக்கு அருகில் வைக்கத் தக்கது அன்று.

மஞ்சள் மண்டி (ஈரோடு) எழுதியது:

ஒரு சிறு செய்தி மட்டும் சேர்க்கிறேன். மாவில் மஞ்சள் துண்டைப் போட்டு வைத்தால் வண்டு அண்டாது என்று எங்கள் உறவினர் வீடுகளில் உறுதியாக நம்புகிறார்கள். மண்டியில் உட்கார்ந்து மஞ்சளையே குடைந்து தூளாக்கும் வண்டைப் பார்க்கிறவனுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். புகையிலை வண்டு என்று பெயர் பெற்ற அந்தப் பூச்சி, மஞ்சளையும் மல்லியையும் மிளகாயையும் விட்டுவைப்பதில்லை. நெகிழிப் பையையும் துளைத்து வெளியேறும். ஆகவே, கோபிப் பெண்மணி மாவு டப்பாவில் போட்ட வரமிளகாயைச் சற்று உடைத்துப் பார்க்கட்டும். பழைய மிளகாயாக இருந்தால், காவலுக்கு வைத்தவனே வேறொரு திருடனை அழைத்து வந்திருக்கக் கூடும்.

கோபிப் பெண் (கோபிசெட்டிபாளையம்) எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. மஞ்சள் மண்டிக்காரர் சொன்னபடி மிளகாயை உடைத்துப் பார்த்தேன். இரண்டில் பொடி கொட்டியது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி டப்பா மூடியில் இருந்தது. மூடியின் விளிம்பை உட்புறமாக மடித்து உருட்டியிருக்கும் இடத்தில் ஊக்கை நுழைத்துக் கீறியபோது, இறுகிப்போன பழைய மாவும் அதற்குள் நான்கு உயிருள்ள வண்டுகளும் வெளியே வந்தன. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிய டப்பா அது! இப்போது மூடிகளைக் கொதிநீரில் அமிழ்த்தி, தூரிகையால் தேய்த்து, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் மூன்று கிலோவுக்கு மேல் பிடிக்காது. பதினைந்து கிலோவை எப்படிச் சமாளிப்பது? கொட்ட வேண்டிய மாவைப் பசுவுக்குத் தவிட்டோடு கலந்து வைக்கலாமா?

கிடங்குக்காரி (கோவை) எழுதியது:

அரைத்து வந்த முதல் மூன்று வாரத்தில் செலவாகும் மாவை உறைபனி அறையில் வைக்கவே வேண்டியதில்லை. முட்டை வண்டாவதற்குள் அது சப்பாத்தியாகிவிடும். அதற்குப் பிறகு பயன்படுத்த வேண்டிய மாவை மட்டும், இந்த வாரம் மூன்று கிலோ, அடுத்த வாரம் மூன்று கிலோ என்று முறை வைத்து உள்ளே வைத்து எடுத்தால், மூன்று வாரத்தில் ஒன்பது கிலோ முடிந்துவிடும். மகளுக்கு அனுப்பும் மாவு எப்போதும் இப்படிக் குளிரில் இருந்து வந்த மாவாகவே இருக்கட்டும், அவளுக்கு அங்கே வசதி குறைவு. ராகியை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ராகி மணியாக இருந்தால் ஆண்டுக் கணக்கில் கெடாது. மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டு, மிச்சத்தை மணியாகவே வைத்திருங்கள்.

பசுவைப் பொறுத்தவரை, மாவு கட்டி பிடித்தோ பூசணம் பூத்தோ இருந்தால் ஒரு கைப்பிடியும் வைக்கக் கூடாது. பூசணத்தின் நச்சு பாலில் இறங்கி நம் வீட்டுக் குழந்தைகளிடமே வந்து சேரும். மருந்து நெடி அடிக்கும் மாவையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். தோட்டத்தில் ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பது நல்லது. குப்பைமேட்டில் கொட்டினால் வண்டுகள் திரும்பி வீட்டுக்கு நடந்து வரும்.

அரவைக்காரன் (பவானி) எழுதியது:

அம்மணி, கடைசியாக ஒன்று. எல்லா மில்லிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை கல்லைக் கழற்றிக் கொத்துவார்கள். எந்திரம் முழுவதையும் பிரித்துத் துடைக்கும் நாள் அது ஒன்றுதான். நீங்கள் போகும் மில்லில் கல் கொத்தும் நாள் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொத்திய அன்றைக்கே போய்விடாதீர்கள், மாவில் கல்தூள் நறநறக்கும். ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.